மயிலை குடிக்க வேண்டிய தண்ணீர்

ஊர்க்கூட்டத்தில் சுருளிவேல் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றதைப் பார்த்ததுமே, உட்காருங்க என்று மகாராணி கையைக் காட்டினாள். இருபத்தெட்டு வருசக் குடித்தனத்தில் அந்த மனுசன் நாலு பேர் நடுவில் வாயைத் திறந்து உருப்பட்ட காரியம் ஒன்றுகூட அவள் நினைவில் இல்லை.

கூட்டம் கூடியதே அவளுடைய மிஷினைப் பற்றித்தான். குரங்கணிக்கு மேற்கே ஓடைக்கரையில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மிஷின். சரிவில் ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறவர்கள் பறித்த பழத்தைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். மகாராணி தோலை உரித்து, கொட்டையை ஊறப்போட்டு, வழுவழுப்புப் போகக் கழுவிக் கொடுப்பாள். போன வருசம் பத்துப் பேர்தான் வந்தார்கள். அவள் வேலை சுத்தம் என்று பேராகிவிட, இந்த வருசம் முப்பது பேர் வந்துவிட்டார்கள். கழுவிய தண்ணீரெல்லாம் ஓடைக்குப் போனது. நாலே நாளில் ஓடை பழுப்பாகி, மூன்று நாள் புளித்த மாவு மாதிரி நாற ஆரம்பித்தது. ஜீப் ஸ்டாண்டில் டீ குடிக்கிறவர்கள் ஒரு கையில் கிளாசையும் ஒரு கையில் மூக்கையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

புகாரைக் கொண்டுவந்தவள் ஜக்கம்மாள். அவள் வீடு கொட்டகைக்குக் கீழே, ஓடை திரும்புகிற இடத்தில் இருந்தது.

"நான் யாரையும் குத்தம் சொல்ல வரல," என்று ஆரம்பித்து அரைமணி நேரம் குற்றம் சொன்னாள். "என் மயிலை அந்தத் தண்ணியில மூஞ்சிய வைக்க மாட்டேங்குது. நாள் முச்சூடும் ஏலத்தோட்டத்துல குனிஞ்சு நிமிந்துட்டு வந்து, பொழுதடைய அதுக்குக் குடம் குடமாத் தூக்குறேன். இடுப்பு ஒடியுது. மிஷினு ஓடணும்னா ஓடையை விட்டுட்டு எங்கிட்டாச்சும் கொண்டுபோய் ஓட்டட்டும்."

மயிலை அவளுடைய பசு. சாம்பல் நிறம், நல்ல கறவை, கொஞ்சம் திமிர்.

ஓடையை விட்டால் கழுவத் தண்ணீர் கிடையாது. மகாராணிக்கும் அது தெரியும், ஜக்கம்மாளுக்கும் தெரியும். வார்டு மெம்பர் பொன்னுமணி தொண்டையைச் செருமிக்கொண்டு மிஷினை நிறுத்தச் சொல்லப் போன நேரத்தில்தான் சுருளிவேல் எழுந்தார்.

"பதினஞ்சு நாள் குடுங்க. அந்தத் தண்ணியத் தெளிய வச்சுக் காட்டுறேன்."

"எதை வச்சுப்பா?"

"கரியை வச்சு."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. இருக்கிற கருப்பு போதாதா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"சிரிக்காதீக. ஓடு, குச்சி, தொலின்னு கழிச்சுப் போட்டதை எல்லாம் காத்துப் படாம சுட்டா ஒரு கரி கிடைக்கும். அது பூராம் பொடிப்பொடி ஓட்டை. தண்ணி உள்ள போனா அழுக்கு அதுலயே தங்கிரும். தேவாரம் ஊருல விவசாயப் பயிற்சி வச்சுச் சொன்னாக. நெருப்புச் சோலின்னு வந்தா இந்த மலையில என்னை மிஞ்ச ஆளு இருக்கா?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அவர் முப்பது வருசமாக அடுப்பு பார்க்கிறார். பச்சைக் காயை அறைக்குள் பரப்பி, சூட்டை ஏற்றாமலும் இறக்காமலும் வைத்து, பச்சை நிறம் கொஞ்சமும் மாறாமல் காயவைத்து எடுக்க வேண்டும். ஒரு பிடி விறகு கூடினால் காய் வெளுத்துவிடும், ஏலத்தில் விலை விழுந்துவிடும். சுருளிவேல் கதவருகே நின்று மூக்கை ஒரு இழுப்பு இழுத்தே, எந்தத் தட்டில் சூடு கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அது ஊருக்கே தெரிந்த பெருமை.

ஜக்கம்மாள் மட்டும் மசியவில்லை.

"பாட்டில்ல புடிச்சுட்டுப் போறது, பேப்பர்ல எழுதிட்டு வர்றது, அதெல்லாம் எனக்கு வேண்டாம்ணே. மிஷின் தண்ணிய ஒரு தொட்டியில ஊத்துங்க. மயிலை குடிச்சா நான் வாயைப் பொத்திக்கிடுறேன். குடிக்கலையா, அன்னைக்கே மிஷினைத் தூக்கிரணும்."

அதுவரைக்கும் தெளியாத தண்ணீர் ஒரு சொட்டு ஓடையில் விழக்கூடாது என்று சேர்த்துச் சொல்லிவிட்டு, பொன்னுமணி அதற்கு ஒத்துக்கொண்டார். சட்டசபைக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் நூறு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், தீர்ப்புச் சொல்கிற உரிமை ஒரு மாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் மகாராணிக்கு அதே நினைப்புதான். மிஷின் போனால் தனக்கு என்ன மிச்சம் என்று அவளுக்குத் தெரியும். ஜீப்பு. பத்தொன்பது வருசம் அவள் ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போனவள். காலை ஐந்து மணிக்கு ஹாரன் அடிப்பான். எட்டுப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் பதினெட்டுப் பேர். முந்தல் தாண்டி, மெட்டு ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, அட்டைக்கடியில் பொழுது சாய்கிற வரைக்கும் குனிந்து நின்று, மறுபடி அதே ஜீப்பு. ஒவ்வொரு வளைவிலும் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே போய்வர வேண்டும். சேர்த்த கூலியில் மிஷினை வாங்கிப் போட்ட அன்றைக்கு, இனி அந்த ஜீப்பின் முகத்தில் முழிப்பதில்லை என்று அவள் சத்தமாகவே சொன்னாள். இப்போது முழங்கால் வேறு போய்விட்டது. திரும்ப ஏறினால் இறங்க முடியாது.

"மாடு குடிக்கலைன்னா?" என்று கடைசியில் கேட்டாள்.

"குடிக்கும் புள்ள. நான் இருக்கேன்ல," என்றார் சுருளிவேல்.

அதுதான் அவளுடைய பயமே.

தேவாரத்துப் பயிற்சிக்கும் அவர்தான் போயிருந்தார். நிலம் அவர் பேரில் இருந்ததால் பட்டியலில் அவர் பேர்தான் இருந்தது. போனவர் மத்தியானப் பிரியாணியைப் பற்றி விலாவாரியாகவும் மற்றதைப் பற்றிச் சுருக்கமாகவும் சொன்னார். கூடவே ஒரு தொப்பியும் ஒரு துண்டுத்தாளும் கொண்டுவந்தார். தாளின் அடியில் பயிற்சி கொடுத்த சிவரஞ்சனி மேடத்தின் நம்பர் இருந்தது. தொப்பியை அவர் வைத்துக்கொண்டார், தாளை மகாராணி வைத்துக்கொண்டாள்.

முதலாளியிடம் ரெண்டு வாரம் லீவு சொல்லிவிட்டு சுருளிவேல் களத்தில் இறங்கினார். சுடுவதற்கு இலவங்காய் ஓடு என்று முடிவானது. போடியில் நூர் முகம்மது வைத்திருக்கிற பஞ்சுப் பேட்டையில், பஞ்சை எடுத்துவிட்டுக் கழித்துப் போட்ட ஓடு மலையாகக் குவிந்து கிடந்தது.

"வேணுங்கிற மட்டும் அள்ளிட்டுப் போங்க மாப்ளே. கிடந்து பாம்புதான் அடையுது. இதை எதுக்குன்னு கேக்கலாமா?" என்றார் நூர் முகம்மது.

"தண்ணியக் கழுவுறதுக்கு."

நூர் முகம்மது அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு லோடு ஓடு மலையேறி வந்து சேர்ந்தது.

பெரிய டிரம்முக்குள் சின்ன டிரம். சின்னதுக்குள் ஓட்டைத் திணித்து மூடியை இறுக்கி, வெளியே சுற்றிலும் விறகை அடுக்கிக் கொளுத்த வேண்டும். உள்ளே காற்றுப் போகாததால் ஓடு எரியாது, வெந்து கரியாகும். கொட்டகைக்குப் பின்னால் முதல் நாள் தீ வைத்தபோது பழம் கொண்டுவந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. சுருளிவேல் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தூக்கினார். கொஞ்ச நேரம் ஆனதும் சட்டென்று கையை உயர்த்தினார்.

"மதி!"

போதும் என்பதற்கு அந்தப் பக்கத்து ஸ்டோரில் சொல்கிற மலையாளச் சொல். முப்பது வருசத்தில் அவர் வாயோடு ஒட்டிக்கொண்டது. விறகை இழுத்துவிட்டு, மூடியைத் திறந்து, தண்ணீர் தெளித்து ஆறவைத்தார்கள்.

பிறகு வரிசையாகத் தொட்டிகளை வைத்தார்கள். முதல் தொட்டியில் சுண்ணாம்பு போட்டு, கழுவின தண்ணீரின் கொழகொழப்பை அடியில் தங்கவிட்டார்கள். அடுத்தது கரி. அதற்கடுத்து மணலும் சல்லியும். குழியில் தேக்கி வைத்திருந்த பழுப்புத் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டுக் கீழே குழாய் முனையில் எல்லோரும் குனிந்து நின்றார்கள்.

கடுங்காப்பி மாதிரி வந்தது. ஊற்றினதைவிடக் கருப்பு. புகைநாற்றம் வேறு.

"முதல் தண்ணி அப்படித்தான் இருக்கும்," என்றார் சுருளிவேல். இரண்டாவது தண்ணீரும் அப்படித்தான் இருந்தது. மறுநாள் மறுபடி சுட்டார்கள், அதுவும் அப்படித்தான் இருந்தது. மூன்று நாளில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குறைந்து, பழம் கொண்டுவருகிறவர்களும் குறைந்தார்கள். நாலு பேர் மூட்டையை ஜீப்பில் ஏற்றிப் போடிக்கே அனுப்பிவிட்டார்கள். பழுத்த பழம் யாருக்காகவும் காத்திருக்காது.

மகாராணி துண்டுத்தாளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். சிவரஞ்சனி மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"கரி கையில எடுத்தா எப்படி இருக்கு? கருப்பா, பழுப்பா?"

"பழுப்பும் கருப்புமா இருக்கு மேடம்."

"அப்ப வேகவே இல்லம்மா. பாதி வெந்த ஓட்டுல இருந்து சாயந்தான் இறங்கும். புகை முழுசா அடங்குற வரைக்கும் விடணும். நடுவுல யாராவது மூடியத் திறக்குறீங்களா?"

"இல்லவே இல்ல மேடம்," என்று சுருளிவேல் போனைப் பார்த்துச் சத்தியம் செய்தார்.

மகாராணி அவரைப் பார்த்தாள். அடுத்த தடவை தீ வைத்தபோது அவள் டிரம்மைப் பார்க்கவில்லை, புருசனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளைப் புகை வந்தது. மஞ்சள் புகை வந்தது. அதில் லேசாகக் கருகல் வாடை கலந்த அந்த நிமிசத்தில் அவருக்கு நெற்றி வேர்த்தது, கை தானாக விறகைப் பிடித்து இழுத்தது. "மதி, மதி," என்று உதடு முணுமுணுத்தது. பாவம், மனுசனால் தாங்க முடியவில்லை. கருகல் வாடை வந்தால் சோலி போயிற்று என்று முப்பது வருசம் மூக்கைப் பழக்கி வைத்திருக்கிறார். கருக்குவதுதான் சோலி என்று அந்த மூக்குக்கு யார் சொல்வது?

மகாராணிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"ஏங்க, கம்பத்துல உங்க தங்கச்சிய நீங்க பாத்து எம்புட்டு நாளாச்சு?"

"இப்ப எதுக்கு அது?"

"நாளைக்கு முத பஸ்சுல போயி ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க."

"நெருப்ப யாரு பாக்குறது?"

"நான் பாத்துக்கிடுறேன். வாரத்துல மூணு நாள் குழம்பு அடிப்புடிக்குதுன்னு தட்டத் தள்ளிவிடுவீகள்ல? கருக்குறதுல என்னை மிஞ்ச ஆளு இருக்கா?"

அவர் கோபித்துக்கொண்டுதான் போனார். பஸ் ஏறும்போதுகூட, வாடை வந்த உடனே இறக்கிவிடு என்று சொல்லிவிட்டே ஏறினார். மகாராணி சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து டிரம்மைப் பற்றவைத்தாள். வெள்ளைப் புகை போய், மஞ்சள் புகை போய், மூடி இடுக்கில் கிளம்பிய தீ நாக்கும் அடங்கி, புகையே இல்லாமல் வெறும் அனல் மட்டும் அலையடிக்கிற வரைக்கும் அவள் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அதுவரைக்கும் கொட்டகைப் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள், மகளோடு போனில் பேசினாள், நன்றாகக் கருகட்டும் என்று விட்டுவிட்டாள். ஆறவைத்துத் திறந்தபோது உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது. கையில் எடுத்தால் பஞ்சாக எடையே இல்லை, போட்டால் கிண்ணென்று சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் குழாய் முனையில் இறங்கிய தண்ணீரை அவள் ஒரு சில்வர் சொம்பில் பிடித்தாள். சொம்பின் அடியில் பொறித்திருந்த அவள் பேர் தெளிவாகத் தெரிந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாததால் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாளிலிருந்து மிஷின் ஓடியது, தெளிந்த தண்ணீர் ஓடைக்குப் போனது. போடிக்குப் போன மூட்டைகள் திரும்பி வந்தன. கம்பத்திலிருந்து வந்த சுருளிவேல் தண்ணீரைப் பார்த்தார், கரியை மோந்தார், ஒரு துண்டை விரலில் நசுக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் கூடத்தான் போயிருச்சு. ஆனா தப்பில்ல," என்றார்.

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக்கு லீவு என்பதால் ஊரே ஓடைக்கரையில் கூடிவிட்டது. டிரெக்கிங் போக வந்த வெளியூர்ப் பிள்ளைகள்கூட மூட்டை முடிச்சோடு நின்று பார்த்தார்கள். பொன்னுமணி முன்னிலையில் அப்போதுதான் கழுவின தண்ணீரைத் தொட்டிகளில் விட்டு, கடைசிக் குழாயிலிருந்து ஒரு சிமென்ட் தொட்டி நிறையப் பிடித்தார்கள். ஜக்கம்மாள் மயிலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மகாராணியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மயிலை வந்தது. தொட்டியை மோந்து பார்த்தது. மூக்கை நனைத்தது. மயிலை தலையைத் தூக்கி, காதை ஆட்டி, அங்கேயே நின்று அசைபோட ஆரம்பித்தது.

"குடி ஆத்தா," என்றார் சுருளிவேல். தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளித் தானே குடித்துக் காட்டினார். மாடு அவரைப் பார்த்தது. மறுபடி தொட்டிக்கு இழுத்துவிட்டார்கள். கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மாட்டுக்குத் தெரியாதா என்றார் ஒருவர். பார்க்கத் தெளிவாகத்தானே இருக்கிறது என்றார் இன்னொருவர். பொன்னுமணி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேச்சு பேச்சுதானப்பா," என்று மெல்லச் சொன்னார். மகாராணிக்குக் காது அடைத்துக்கொண்டது. காலை ஐந்து மணி ஹாரன் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஜீப்பின் பின்படியில் முழங்காலை எப்படித் தூக்கி வைப்பது என்று அவள் அந்த நேரத்திலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜெயித்தவள் ஜக்கம்மாள். ஆனால் அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. மாட்டுக் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றவள், திடீரென்று, "அது குடிக்காது," என்றாள்.

"அதான் பாத்தமே," என்றார் பொன்னுமணி.

"அதில்லண்ணே. அதுக்கு வயிறு முட்டக் கிடக்கு. காலையில அவுத்துவிட்டேன், நேரா ஓடையில இறங்கிக் குடிச்சிருச்சு. மிஷின் தண்ணி விழுகுற இடத்துக்குக் கீழதான். நேத்துச் சாயங்காலமும் அங்கதான் குடிச்சிச்சு. ரெண்டு நாளா நான் குடம் தூக்கல."

ஊரே திரும்பி ஓடையைப் பார்த்தது.

மகாராணிக்குச் சுருக்கென்று ஏறியது. நாலே எட்டில் ஜக்கம்மாள் முன்னால் போய் நின்றாள். "தெரிஞ்சுதான் மாட்டப் புடிச்சுட்டு வந்தியா? நான் என்னடி செஞ்சேன் உனக்கு?"

"என்ன செஞ்சியா?" ஜக்கம்மாள் மாட்டுக் கயிற்றைக் கீழே போட்டாள். "பத்தொன்பது வருசம் ஒரே சீட்டு மதினி. போகும்போது நீ என் தோள்ல தூங்குவ, வரும்போது நான் உன் தோள்ல தூங்குவேன். ஒரு நா ஹாரன் அடிக்குது, நீ வரல. டிரைவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும், மகாராணி மிஷின் வாங்கிருச்சு, இனி வராதுன்னு. ஒரு வார்த்தை சொன்னியா? இப்ப என் பக்கத்துல எவ எவளோ வந்து உக்கார்றா. நாத்தம் நாத்தம்னு நான் சொன்னது பொய் இல்ல. ஆனா தண்ணி தெளிஞ்ச அன்னைக்கு எனக்குச் சந்தோசமா இல்ல, அதுவும் பொய் இல்ல."

சொல்லவில்லைதான். சொல்லப் போனால் அழுகை வந்துவிடும் என்று சொல்லாமல் இருந்தாள். பிறகு நாளாகிவிட்டது, போய்ச் சொல்ல வெட்கமாகிவிட்டது. தான் இறங்கிக்கொண்டோம் என்ற நிம்மதியில், காலையில் அந்த ஹாரன் கேட்கும்போதெல்லாம் புரண்டு படுத்தவள், அந்த ஜீப்பில் ஜக்கம்மாள் போகிறாள் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அதை நினைத்தபோது ஊர் முன்னால் நிற்கவே கூசியது.

"தப்புதான் ஜக்கம்மா," என்றாள்.

பொன்னுமணிக்கு இந்தப் பேச்செல்லாம் தாங்காது. மாடு ஏற்கெனவே குடித்துவிட்டது, மிஷின் ஓடலாம் என்று அவசரமாகத் தீர்ப்பைச் சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். கூட்டமும் பின்னாலேயே கலைந்தது. மயிலை மட்டும் சாவகாசமாக நின்றது.

"பத்து நாளுக்கு ஒரு தடவை கரிய மாத்தணுமாம்," என்றாள் மகாராணி. "நனைஞ்ச கரிய அள்ளி காப்பிச் செடிக்குப் போடணும். புதுசு சுடணும். எனக்கு மிஷினோடயே சரியா இருக்கு. தோட்டத்துல குடுக்குற கூலிய நான் குடுக்குறேன். வர்றியா?"

"சுடுறதுக்கா? அண்ணே இருக்காகள்ல?"

"அந்த மனுசன் பேச்சை எடுக்காத."

சுருளிவேல் கேட்டும் கேட்காதது மாதிரி தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜக்கம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "எத்தனை மணிக்கு வரணும்?"

"எட்டு மணிக்கு."

"எட்டா?" அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "நாலரைக்கே முழிப்பு வந்துருமே மதினி. எட்டு மணி வரைக்கும் நான் என்ன செய்றது?"

"தூங்கு," என்றாள் மகாராணி.